வரலாறு படித்துவிட்டு சமூக அறிவியல் ஆசிரியராக வேண்டுமா? டெல்டாவிலிருந்து போகும் வழி

எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தே அமையும். 6 முதல் 10 வரை என்றால் பட்டதாரி ஆசிரியர் பணி. அதற்கு வரலாறு அல்லது புவியியலில் இளங்கலை, பி.எட்., டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி, அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு, இத்தனையும் வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றால் முதுகலை ஆசிரியர் பணி. எம்.ஏ. வரலாறும் பி.எட்.டும் போதும். டெட் தேவையில்லை, ஆனால் போட்டித் தேர்வு உண்டு. எம்.ஏ.வையும் முடித்து இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியிலோ தஞ்சாவூர் மன்னர் சரபோஜி அரசு கல்லூரியிலோ பி.ஏ. வரலாறு படித்தவருக்கு இந்த முதல் கட்டத்தில் சிக்கல் இருக்காது. மற்றவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பொருளாதாரமும் அரசியல் அறிவியலும் சமூக அறிவியல் புத்தகத்தில் வருகிறதே என்று அவற்றில் பட்டம் வாங்கியவர்கள், அரசுப் பள்ளியில் அந்தப் பட்டதாரி ஆசிரியர் இடத்துக்கு வர முடியாது. பட்டத்தின் பெயர் ‘வரலாறு’ என்று இல்லாமல் பண்பாடு, சுற்றுலா என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால், அது வரலாற்றுக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே பாருங்கள். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது.

பி.எட். இப்போது இரண்டு ஆண்டு. டெல்டாவுக்குள் அரசுக் கல்லூரி என்றால் ஒரத்தநாடு அரசு கல்வியியல் கல்லூரி. இளங்கலை மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 40 என்பது சேர்க்கையில் இருந்துவரும் வரம்பு. தனியார் கல்லூரி என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் உங்கள் சேர்க்கை ஆண்டுக்கு நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘ஃபீஸ் கட்டினால் போதும், வர வேண்டாம்’ என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள். விதிப்படி வகுப்புக்கு 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை வேண்டும்.

அந்தப் பள்ளிப் பயிற்சிதான் உண்மையில் ஆசிரியரை உருவாக்குகிறது. இரண்டு ஆண்டிலும் சேர்த்து 20 வாரம். பயிற்சி ஆசிரியர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுதான்: 40 நிமிடமும் தானே பேசித் தீர்ப்பது. பத்தாம் வகுப்பில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தேதியில் தொடங்காதீர்கள். தமிழ்நாட்டு வரைபடத்தை மாட்டி, திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வேதாரண்யம் வரை ஒரு மாணவரை நூல் ஒட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். பிறகு கேள்வி: ‘நடந்து வருபவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் உத்தரவு போட்டிருக்கிறார். உங்கள் தெரு என்ன செய்திருக்கும்?’ பிள்ளைகள் சொல்லி முடித்த பின், சாலையோர மரங்களில் மக்கள் சோற்றுப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டதைச் சொல்லுங்கள். 1930 ஏப்ரல் 13, ராஜாஜி என்பதெல்லாம் அப்போது கரும்பலகையில் ஏறினால் மனதில் நிற்கும். கடைசி ஐந்து நிமிடம் மதிப்பீட்டுக்கு. பாடத்திட்ட நோட்டில் ‘கற்றல் விளைவு’ என்ற கட்டத்தில் ‘மாணவர்கள் அறிந்துகொள்வர்’ என்று எழுதினால் மேற்பார்வையாளர் சுழித்துவிடுவார். ‘காரணம் கூறுவர்’, ‘வரைபடத்தில் குறிப்பர்’ என்று, கண்ணால் சரிபார்க்க முடிகிற செயலாக எழுதுங்கள்.

டெட் இரண்டாம் தாளில் 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, சமூக அறிவியல் 60. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, அதனால் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பொதுப்பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. மற்ற பிரிவுகளுக்கான சலுகை அவ்வப்போது மாறுவதால் அந்தந்த அறிவிக்கையைப் பாருங்கள். சமூக அறிவியலில் 45 எடுத்தால்கூட மீதி 90இல் பாதி வேண்டும். வரலாற்றுப் பட்டதாரிகள் சறுக்குவது வரலாற்றில் அல்ல, புவியியலிலும் உளவியலிலும்தான். பள்ளிப் புத்தகங்களில் புவியியல், குடிமையியல், பொருளியல் பகுதிகளை முதலில் முடியுங்கள், வரலாற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை தேறினால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும்.

டெட் தேறியதும் வேலை கிடைத்துவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2018 அரசாணைக்குப் பிறகு அப்படி இல்லை, போட்டித் தேர்வு தனி. 2024இல் நடந்த தேர்வின் அமைப்பைப் பாருங்கள்: தமிழ் தகுதித் தாளில் 30 கேள்விக்கு 50 மதிப்பெண். அதில் 20 வராவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். பாடத்தாள் 150 மதிப்பெண். இங்கே வரலாறு தனி, புவியியல் தனி. டெட்டுக்குப் பள்ளிப் புத்தகம் கைகொடுக்கும், இதற்குக் கல்லூரிப் பாடத்தைத்தான் தூசி தட்ட வேண்டும். முதுகலைத் தேர்விலும் தமிழ்த் தாள் உண்டு. பாடத்தாளில் 110 கேள்வி வரலாறு, 30 கல்வியியல், 10 பொது அறிவு.

சான்றிதழ் சரிபார்ப்பில் வேலையை இழப்பவர்களும் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ்வழி என்றால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். நாலு ஊர்ப் பள்ளிகளில் படித்திருந்தால் நாலு தலைமையாசிரியர்களிடமும் கையெழுத்து வாங்க அலைய வேண்டியிருக்கும். அறிவிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள். முதலெழுத்தும் பெயரின் எழுத்துக்கோவையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பி.எட். பட்டத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

மத்திய அரசுப் பள்ளிகளுக்கு மேற்சொன்ன டெட்டுக்குப் பதிலாக சிடெட், அதாவது மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு. கேந்திரிய வித்யாலயாவில் சமூக அறிவியலுக்கு வரலாறு, புவியியல், பொருளாதாரம், அரசியல் அறிவியல் ஆகியவற்றில் இரண்டைப் பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும், அதில் ஒன்று வரலாறோ புவியியலோ ஆக இருக்க வேண்டும். பி.ஏ.வில் துணைப்பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைவில் வையுங்கள். மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா தமிழ்நாட்டில் இல்லையென்றாலும் காரைக்காலில் இருக்கிறது.