தில்லிக் கோடையில் ஓட்டத்தைக் கைவிடாதிருக்க

வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து, மார்ச் வரை தவறாமல் ஓடுகிறவர்களில் பலர் மே மாதத்தில் ஷூவைக் கழற்றி வைத்தால் மறுபடி எடுப்பது அக்டோபரில்தான். வெயில் நமக்குப் புதிதா என்ற நினைப்பு இங்கே உதவாது. சென்னையில் பிற்பகலில் கடற்காற்று வந்து வெப்பத்தைத் தணிக்கும். தில்லியிலோ 'லூ' என்னும் அனல்காற்று பகலெல்லாம் வீசும், 45 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. 2024 ஜூனில் ஓர் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையே 35 டிகிரியைக் கடந்தது. ஆயினும் இம்மாதங்களில் ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். தூரத்தையும் வேகத்தையும் தாராளமாக விட்டுக்கொடுத்து, ஓடும் வேளையை மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அந்த வேளை விடியற்காலைதான். மே கடைசியில் தில்லியில் ஏறக்குறைய 5.25 மணிக்குச் சூரியன் உதிக்கிறது. நாளின் மிகக் குறைந்த வெப்பமும் அதையொட்டியே இருக்கும். ஆகவே ஐந்து மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது. அலுவலகம் முடிந்து மாலையில் ஓடலாமே என்று தோன்றும். ஆனால் பகலில் வாங்கிய சூட்டைச் சுவர்களும் தார்ச்சாலையும் இரவு வரை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். வெயிலில் உருவாகும் ஓசோனும் கோடைப் பிற்பகல்களில் கூடி, மூச்சுக்குழாயை உறுத்தும். மொட்டைமாடியை ஒட்டிய அறையில் குடியிருந்து, புழுக்கத்தால் தூக்கம் கெட்ட இரவுகளுக்குப் பிறகு, அதே வேளையில் எழுந்து நடந்துவிட்டு வந்தாலே போதும், அன்றைக்கு ஓட வேண்டியதில்லை.

உடல் வெப்பத்துக்குப் பழகச் சுமார் 10 முதல் 14 நாட்கள் ஆகும். முதல் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. பிறகு வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கத் தொடங்கி, அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது. முழுநேரமும் ஏ.சி. அறையிலேயே இருந்தால் இந்தப் பழக்கம் உடலுக்கு வராது. எனவே முதல் வாரத்தில் வழக்கமான நேரத்தில் பாதியை மட்டும், அதிலும் ஐந்து நிமிட ஓட்டத்துக்கு இரண்டு நிமிட நடை என்று கலந்து ஓடி, இரண்டாவது வாரத்தில் நடையைக் குறைத்துக்கொண்டே வரலாம். கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்கக் கூடாது. உடலைக் குளிர்விப்பதற்காக இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திரும்பிவிடுவதால், குளிர்காலத்தில் எளிதாக இருந்த அதே வேகம் இப்போது இதயத்தைக் கூடுதலாகத் துடிக்க வைக்கும். கூட ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே சரியான அளவு.

ஜூலையில் மழை தொடங்கி வெப்பம் 36 டிகிரிக்கு இறங்கியதும் பலர் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். அப்போதுதான் அதிக எச்சரிக்கை வேண்டும். மே மாதத்தில் அறையைச் சில்லென்று ஆக்கிய ஏர் கூலர் ஜூலையில் வெறும் ஈரக்காற்றை வீசுவதுபோல, காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் வியர்வையும் ஆவியாகாமல் வழிந்தோடுமே தவிர உடலைக் குளிர்விக்காது. மாறாக, வறண்ட மே மாதத்தில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று ஏமாந்துபோகிறோம். ஓடி முடித்துச் சட்டையைக் கழற்றிப் பார்த்தால், முதுகுப்புறம் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு படிந்திருப்பது தெரியும்.

எவ்வளவு நீர் குடிப்பது என்பதற்கு வீட்டிலுள்ள எடை பார்க்கும் கருவியே வழிகாட்டும். ஓடும் முன்பும், ஓடி வியர்வையைத் துடைத்த பின்பும் குறைந்த உடையில் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தை உண்டாக்கும். அரை மணி நேர ஓட்டத்துக்குத் தண்ணீரும், வந்தபின் உப்புப் போட்ட நீர்மோரும் போதும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் ஓ.ஆர்.எஸ். குடிப்பதானால், உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்ட பொடியை வாங்கி, பாக்கெட்டில் சொன்ன அளவு நீரில் கரைக்க வேண்டும். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

மாடித் தொட்டியின் தண்ணீர் விடியற்காலையிலும் சூடாகவே வரும். முந்தைய இரவே ஒரு வாளி நீரைக் குளியலறையில் பிடித்து வைத்தால், திரும்பி வந்ததும் குளிக்க உதவும்.

ஓடும் இடம் வீட்டுக்குப் பக்கத்தில், நிழலோடும் ஆள் நடமாட்டத்தோடும் இருக்கட்டும். சாணக்கியபுரி பக்கத்தில் இருப்பவர்களுக்கு நேரு பூங்காவும், மயூர் விஹாரில் இருப்பவர்களுக்கு சஞ்சய் ஏரிப் பூங்காவும் ஏற்றவை. நேராகத் தொலைவு போய்த் திரும்புவதைவிடச் சிறு வட்டங்களாகச் சுற்றுவது மேல். உடம்புக்கு ஏதாவது என்றால் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும்.

தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் சிலிர்ப்பு ஆகியவை தோன்றினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். கூட ஓடுகிறவர் தடுமாறி, பேச்சுக் குழறி, இடம் புரியாமல் விழித்தால் அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே 112-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறி, கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டி வைக்க வேண்டும். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் புகட்டக் கூடாது.

வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாட்களில் வெளியே ஓட வேண்டாம். அதே வேளையில் டிரெட்மில்லிலோ வீட்டுக்குள் உடற்பயிற்சியிலோ அரை மணி செலவிடலாம். விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று குளிர்ந்த ஊரில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தால், உடல் பழகியிருந்த பழக்கத்தில் கணிசமான பகுதி போயிருக்கும். திரும்பியதும் மறுபடி பாதி நேரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.