மஹிந்திரா தார், மாருதி ஜிம்னிக்கு ரிம்மும் டயரும் மாற்றுகிறீர்களா? வேலூர்ப் பக்கம் நடக்கும் தவறுகள்

முதல் தவறு கடைக்குப் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வண்டி வாரம் முழுக்கக் காட்பாடிக்கும் ஆம்பூருக்கும் நெடுஞ்சாலையில் ஓடுகிறது. மாதத்தில் ஒரு நாள் அமிர்தி, இல்லாவிட்டால் ஜவ்வாது மலைப் பக்கம். அதற்குப் போய் பட்டன் டயர் என்று நாம் சொல்கிற எம்.டி. (மட் டெரெய்ன், சேற்றுக்கான) டயரைப் போடுகிறார்கள். ஆழச் சேற்றில் அதை அடிக்க வேறு டயர் இல்லை, உண்மைதான். ஆனால் தார்ச் சாலையில் பட்டன்களின் நுனி மட்டுமே தரையைத் தொடுகிறது. ஐப்பசி மழையில் பிரேக் பிடித்தால் வண்டி கூடுதல் தூரம் போய்த்தான் நிற்கும். எண்பதைத் தாண்டினால் இரைச்சல், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். நம் மலைப்பாதைகளில் சேற்றைவிடக் கூர்மையான கருங்கல் சரளைதான் அதிகம். அதற்குப் பக்கச்சுவர் உறுதியான ஏ.டி. (ஆல் டெரெய்ன், சாலைக்கும் கரடுமுரடுக்கும் பொதுவான) டயர் போதும். மலையே ஏறாத வண்டிக்குக் கம்பெனி கொடுத்த டயரை மாற்றவே வேண்டாம்.

அடுத்தது அளவு. தாரின் 245/75 R16 டயரின் விட்டம் சுமார் 774 மி.மீ. அதற்குப் பதில் 265/75 R16 போட்டால் 804 மி.மீ., ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல். தரையிடைவெளி கூடுவது அதில் பாதி, அதாவது 15 மி.மீ. மட்டுமே. ஜிம்னியின் 195/80 R15-இல் 693 மி.மீ. இருப்பதை 215/75 R15 போட்டு 704 ஆக்கினால் பிரச்சினை இல்லை. 235/75 R15 என்றால் 734, கிட்டத்தட்ட 6 சதவீதம். ஏலகிரி கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் ஏறிய வண்டி முதல் கியர் கேட்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசும். கடையில் நிற்கும்போது உரசாது. ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போதுதான் தெரியும்.

பலரும் கவனிக்காமல் விடுவது ரிம்மின் ஆஃப்செட், அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே, வெளியே தள்ளி உட்காரும் என்கிற அளவு. ரிம்மின் உள்பக்கம் ‘ஈ.டி.’ என்று ஓர் எண் பொறித்திருக்கும். 45 இருந்த இடத்தில் 20 வந்தால் சக்கரம் 25 மி.மீ. வெளியே தள்ளும். பார்க்க அகலமாக, கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் பேரிங் மேல் விழும் பாரத்தின் நெம்புகோல் நீள்கிறது, பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், சேறு நேராகக் கதவில் அடிக்கும். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் வளையம் போட்டாலும் விளைவு இதேதான். போல்ட் எண்ணிக்கையும் இடைவெளியும் பொருந்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஜிம்னிக்கு 5 போல்ட், 139.7 மி.மீ.; இதே கணக்கில் வேறு ரிம்களும் கிடைக்கும். அவற்றின் நடுத்துளை ஹப்பில் சரியாக உட்காராவிட்டால், வீல் பேலன்ஸ் எத்தனை முறை செய்தாலும் ஆட்டம் போகாது. நட்டின் அடிப்பகுதி கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதும் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். மாறினால் நட்டு தானாகத் தளரும்.

ரிம் அகலமும் அப்படித்தான். 255/65 R18 டயருக்கு 7 முதல் 9 அங்குலம் வரை சரி. 10 அங்குல ரிம்மில் மாட்டினால் பக்கச்சுவர் இழுபட்டு நிற்கும். காற்றைக் குறைத்து மணலில் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

20 அங்குல அலாய் ரிம் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 255/65 R18-இல் பக்கச்சுவர் 166 மி.மீ.; 255/55 R20-இல் 140. குழியில் விழும் அடியை அந்த வித்தியாசம்தான் தாங்கிக்கொண்டிருந்தது. இரும்பு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விடும். விரிசல் விட்டதை வெல்டிங் வைத்து ஓட்டுவது ஆபத்து.

ஃபோர் வீல் டிரைவுக்கே உரிய தவறு ஒன்று உண்டு: இரண்டு டயர் மட்டும் புதிது வாங்குவது. தாரிலும் ஜிம்னியிலும் லிவரை 4H-இல் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டதும் முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்கின்றன. வேக வித்தியாசத்தை அனுசரிக்கும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லை. முன்னால் 9 மி.மீ. பட்டன், பின்னால் தேய்ந்து 3 மி.மீ. என்றால் விட்டத்தில் 12 மி.மீ. வித்தியாசம். கிலோமீட்டருக்குச் சில சுற்று பின்சக்கரம் கூடச் சுற்ற வேண்டும், ஆனால் பூட்டு விடாது. மணலில் டயர் வழுக்கி அந்த முறுக்கு தீர்ந்துவிடும். காய்ந்த தார்ச் சாலையில் தீராது. லிவர் இறுகிக்கொள்ளும், திருப்பத்தில் வண்டி குதிக்கும், அடி விழுவது முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு. லிவர் சிக்கினால் அடித்து இழுக்காமல் சில மீட்டர் நேராக ரிவர்ஸ் எடுங்கள், விட்டுவிடும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். ஐந்து டயரையும் 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சுழற்சியில் விட்டால் ஐந்தும் சமமாகத் தேயும்.

வாங்கும்போது பக்கச்சுவரைப் படியுங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. அளவுக்குப் பின்னால் வரும் எண் சுமைக்கானது: 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 112 என்றால் 1,120. பழைய டயரைவிடக் குறைந்த எண்ணை எடுக்காதீர்கள். டயர் ஃபெண்டருக்கு (மட்கார்டு) வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சட்டச் சிக்கலும் வரும். பதிவுச் சான்று விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. விபத்து இழப்பீட்டின்போது காப்பீட்டுக்காரரும் இதைக் கேட்கக்கூடும்.

காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். கத்திரி வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயரில் 32 பி.எஸ்.ஐ. இருந்தது 36 காட்டும். அதைக் கூடுதல் என்று இறக்கிவிட்டால், மறுநாள் குறைந்த காற்றில் டயர் நெளிந்து சூடேறி வெடிக்க வழி செய்கிறீர்கள். எல்.டி. என்று அச்சிட்ட கனரக டயருக்கு, அதே சுமைக்குக் கதவு ஸ்டிக்கரில் இருப்பதைவிடக் கூடுதல் காற்று தேவை. கம்பெனி அட்டவணையைப் பார்த்து வையுங்கள். மணலில் 18 வரை இறக்கலாம், 15-க்குக் கீழே வேண்டாம். அதற்கு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். 18-ல் இருக்கிற டயரோடு பஞ்சர் கடை தேடி நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. புது ரிம் மாட்டியவர்கள் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் ஒன்று விட்டு ஒன்றாக இறுக்கிப் பாருங்கள். ஏர் கன்னில் அடித்த இறுக்கத்தை நம்ப வேண்டாம்.