அறை ஹீட்டருக்கு பி.ஐ. கண்ட்ரோல்: ‘ஐ’ சொதப்பும் இடங்கள்

சென்சாரைப் படித்து ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் புரோகிராம் ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். அதை, ஹீட்டரை 0 முதல் 100% வரை அளவோடு ஓட்டும் பி.ஐ. (ப்ரொபோர்ஷனல்-இன்டெக்ரல்) கண்ட்ரோலாக மாற்றப் போகிறோம். சென்சாருக்கு டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் வெப்பநிலை சென்சார் போதும்.

படி 1: பி. இப்போதைய பிழைக்கு ஏற்ற விகிதத்தில் ஹீட்டரை ஓட்டும் பகுதி.
பிழை = செட்பாயிண்ட் (நமக்கு வேண்டிய வெப்பநிலை) − அறை வெப்பநிலை
பி = கெயின் × பிழை

கெயின் என்பது ஒரு டிகிரிப் பிழைக்கு எத்தனை சதவீதம் ஹீட்டர் என்பது. கெயின் டிகிரிக்கு 20%, செட்பாயிண்ட் 24 என்று வைப்போம். அறை 22 டிகிரியில் இருக்கும்போது பி தருவது 40%. அந்த 40% வெளியே கசியும் வெப்பத்துக்கே சரியாகிப் போனால், அறை 22-ஐத் தாண்டாது. கெயினை ஏற்றினால் இடைவெளி குறையும். கூடவே ஊசலாட்டமும் வரும்.

படி 2: ஐ. மிஞ்சும் பிழையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அந்த இடைவெளியை மூடும் பகுதி. 10 விநாடிக்கு ஒருமுறை:
ஐ = ஐ + கெயின் × பிழை × 10 ÷ டிஐ
அவுட்புட் = பி + ஐ (0 முதல் 100-க்குள்)

டிஐ என்பது ஐ எவ்வளவு மெதுவாகச் சேர வேண்டும் என்பதைச் சொல்லும் நேரம்; அதை 1200 விநாடி வையுங்கள். ஐ-யை ஃப்ளோட்டில்தான் (தசம எண்ணாக) வைக்க வேண்டும். இந்த சென்சாரின் மிகச்சிறிய படி 0.0625 டிகிரி; அந்தப் பிழைக்கு ஒருமுறை சேர்வது 0.01% தான். முழு எண்ணில் வைத்தால் அது ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியமாகி, ஐ இருந்தும் இல்லாத மாதிரிதான். இன்னொன்று: பிழைகளின் கூட்டுத்தொகையைச் சேமித்துக் கடைசியில் பெருக்காதீர்கள். டிஐ-யை மாற்றிய நொடியே அவுட்புட் எகிறும். மேலே உள்ளபடி சதவீதமாகவே சேமியுங்கள்.

படி 3: பெரும்பாலோர் மாட்டுவது இங்கேதான். அறை 16-ல் கிடக்கிறது. பிழை 8, பி மட்டுமே 160%. ஹீட்டர் ஏற்கெனவே 100-ல். ஆனாலும் ஐ நிமிடத்துக்கு 8% வீதம் ஏறிக்கொண்டே போகிறது. அறை 25-ஐத் தொட்ட பிறகு இறங்குவதோ நிமிடத்துக்கு 1%. அதுவரை அறை வெந்துகொண்டிருக்கும். தீர்வு ஒரே வரி: அவுட்புட் 100-ஐத் தொட்டு, பிழை நேர்மறையாக இருந்தால் ஐ-யைக் கூட்டாதே, 0-வைத் தொட்டு, பிழை எதிர்மறையானால் குறைக்காதே. ஐ-யை மட்டும் 100-ல் வெட்டுவது அரைகுறை வைத்தியம்.

படி 4: 35% என்றால் 10 விநாடியில் 3.5 விநாடி ஆன். இதற்கு எஸ்எஸ்ஆர்தான் (அசையும் காண்டாக்ட் இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலே), ஹீட்சிங்க்கோடு. சாதா ரிலேயில் இந்த வேகம் காண்டாக்டைத் தின்றுவிடும். அதற்குச் சுழற்சியை 10 நிமிடமாக்குங்கள். எஸ்எஸ்ஆர் பழுதானால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட் ஒன்று தனியாகக் கட்டாயம்.

படி 5: ஊசலாடினால் முதலில் கெயினைப் பாதியாக்குங்கள். அப்படியும் மெதுவாக அலைந்தால் டிஐ-யை இரட்டிப்பாக்குங்கள். பிழை மாறும் வேகத்தைப் பார்க்கும் ‘டி’யைச் (டெரிவேட்டிவ்) சேர்க்க ஆசை வரும்; அறைக்கு அது வேண்டாம், சென்சாரின் சிறு துள்ளலைத்தான் பெரிதாக்கும்.

பிற்சேர்க்கை, குளிரூட்டலுக்கு: பிழையின் குறியைத் திருப்புங்கள். ஹீட்டர், குளிரூட்டி இரண்டும் ஒரே அறையில் இருந்தால் செட்பாயிண்டுகளுக்கு நடுவே 2 டிகிரி இடைவெளி விட்டு, மாறும்போது ஐ-யைப் பூஜ்ஜியமாக்குங்கள். சாதா கம்ப்ரஸரை 10 விநாடிச் சுழற்சியில் தட்டவே கூடாது. நின்றபின் 3 நிமிடமாவது ஓய்வு வேண்டும். அதற்கு ஆன்-ஆஃப் கண்ட்ரோலே மேல். பி.ஐ. பொருந்துவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இன்வெர்ட்டர் கம்ப்ரஸருக்கும் குளிர்நீர் வால்வுக்கும்தான்.