ஷேவிங் நடுவே சவரக்கத்தியைச் சுத்தம் செய்வது எப்படி?

புதிதாகச் சவரக்கத்தி வாங்குகிறவர்கள் எந்தக் கோணத்தில் பிடிப்பது, எந்தப் பக்கம் இழுப்பது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சரி, அதுவும் தெரிய வேண்டும். ஆனால் ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே கத்தியை எப்படித் துடைப்பது என்று யாரும் கேட்பதில்லை. நல்ல கத்தி சீக்கிரமே மழுங்கிப்போவது பல நேரம் இந்த இடத்தில்தான்.

வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் ஏதாவது சலூனில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனியுங்கள். கிழித்த செய்தித்தாள் துண்டில் அண்ணன் நுரையை வழிப்பார். கத்தியின் முதுகு, அதாவது தடித்த மழுங்கிய பக்கம், முன்னால் போகும். வாய், அதாவது வெட்டும் கூர் விளிம்பு, பின்னால் வரும். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்தத் திசையைத்தான். கடைகளில் இப்போது இருப்பது பாதி பிளேடு மாட்டும் கத்தி. மழுங்கினால் வேறு பிளேடு போட்டுக்கொள்ளலாம். முழுக்க எஃகில் செய்த, சாணை பிடிக்கிற கத்திக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே கீழே வருவது முக்கியமாக அந்த வகைக் கத்திக்கு.

எடுத்து வைக்க வேண்டியவை

கெட்டியான பருத்தித் துண்டு ஒன்று, உலர்ந்த மெல்லிய துணி ஒன்று, ஒரு மக் நல்ல தண்ணீர். பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து, நான்காக மடித்து, வாஷ்பேசின் பக்கத்தில் சமமான இடத்தில் விரித்து வையுங்கள். தோளில் போட்டுக்கொண்டு துடைக்க வேண்டாம். கழுத்துக்குப் பக்கத்தில் கத்தியைத் திருப்புவது பழகாத கைக்கு ஆபத்து. உள்ளங்கையிலும் துடைக்க வேண்டாம்.

துடைக்கும் முறை

இரண்டு மூன்று இழுப்பிலேயே நுரையும் வெட்டுப்பட்ட முடியும் கத்தியில் சேர்ந்துவிடும். வாய் கண்ணுக்குத் தெரியாது, கோணமும் தவறும். சுமார் 30 டிகிரியில் இருக்க வேண்டிய கத்தி கொஞ்சம் நிமிர்ந்தாலே தோலைச் சுரண்டும். அதனால் நுரை வாயை மூடுவதற்கு முன்பே நிறுத்துங்கள்.

முதலில் கத்தியை முகத்திலிருந்து முழுதாக விலக்குங்கள். ஈரத் துண்டின் மேல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முதுகு துணியைத் தொட்டபடி இருக்க வேண்டும். அப்படியே முதுகு போகும் திசையில் மெதுவாக இழுங்கள். நுரை துணியில் தங்கிவிடும். அப்புறம் வாயைக் கீழே கொண்டுவராமல், முதுகை அச்சாக வைத்துக் கத்தியைப் புரட்டி, மறுபக்கத்தையும் அதேபோல. அழுத்தம் கொடுக்கவே வேண்டாம். கத்தியின் எடையே போதும்.

வாய் முன்னால் போகும்படி தள்ளினால் கத்தி துணியை அறுக்கும், கூரும் போகும். வாயின் நீளவாக்கில் விரலால் வழிப்பதும் கூடாது, விரல் போய்விடும். அடுத்த முறை துண்டில் வேறு இடம் பாருங்கள். முடி சேர்ந்த நுரையின் மேலேயே திரும்பத் துடைத்தால் அது கத்தியில்தான் மறுபடி ஒட்டும்.

ஒரு சுற்று முடிந்து மறுபடி நுரை போடும்போது மட்டும் தண்ணீரில் அலசினால் போதும். மக்குக்குள் கத்தியை விட்டுக் கலக்காதீர்கள், விளிம்பில் இடிக்கும். இன்னொரு கையால் தண்ணீரை எடுத்து, முதுகிலிருந்து வாய்ப் பக்கம் வழிகிற மாதிரி ஊற்றுங்கள். கைப்பிடி ஆணி இருக்கும் பக்கம் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போன ஈரம் அங்கிருந்து லேசில் வெளியே வராது. பேசின் ஓரத்தில் தட்டி நுரையை உதிர்க்கும் பழக்கம் சாதாரண ரேசரோடு போகட்டும். இந்தக் கத்தி ஒரு தட்டு வாங்கினால் வாயில் பிசிறு விழுந்துவிடும், பிறகு சாணைக் கல்லில்தான் தேய்க்க வேண்டும். ஈரக் கையிலிருந்து நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும்.

நம் பக்கத்து உப்பு

தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கடற்காற்று ஒரு பக்கம், போர் தண்ணீர் இன்னொரு பக்கம். மீஞ்சூர் வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது. தண்ணீர் காய்ந்தாலும் அதிலிருந்த உப்பு கத்தியில் தங்கி, ஈரக்காற்றை இழுத்துத் துருவை வேகப்படுத்தும். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால், நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளி போதும், அடுத்த ஷேவிங்கில் தாடை எரியும். கார்பன் எஃகுக் கத்தி என்றால் இன்னும் சீக்கிரம்.

அதனால் கடைசி அலசலுக்கு மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மக் போதும். அப்புறம் உலர்ந்த துணியால், அதே முதுகு முன்னால் போகும் முறையில் ஒற்றி எடுங்கள். கைப்பிடியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே டிஷ்யூ தாளைச் சுருட்டி, கத்தி படாமல் ஒரு தடவை விட்டு எடுங்கள். திறந்தபடியே ஃபேன் காற்றில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் காய விடுங்கள். தோல் பட்டையில் தீட்டுவது நன்றாகக் காய்ந்த பிறகுதான்.

சில நாள் தொடப்போவதில்லை என்றால், தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி பீரோவில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும், வேண்டாம். பாத்ரூம் அலமாரி கூடவே கூடாது.

கத்தி ஒருவருக்கு ஒன்று. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும் என்பதால், அண்ணன் தம்பிக்குள்கூட மாற்றிக்கொள்ளாதீர்கள். கீறி ரத்தம் பட்டிருந்தால், அலசிய பிறகு 70 சதவீத ஸ்பிரிட்டால் ஒரு முறை துடையுங்கள். பிளீச்சிங் தண்ணீர் எஃகை அரித்துவிடும்.

பாதி பிளேடு வகைக்கும் துடைக்கும் முறை இதேதான். முடிந்ததும் பிளேடைக் கழற்றி, தாங்கியை மட்டும் கழுவிக் காய வைக்கலாம். பழைய பிளேடை அப்படியே குப்பையில் போட்டால் குப்பை பிரிக்கிறவர்களின் கையைக் கிழிக்கும். மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே ‘பிளேடு’ என்று பெரிதாக எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள்.