பழைய லேப்டாப் வாங்கினால் முதல் வேலை: துடைத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போடுவது

அக்கா மகள் நாகர்கோவிலில் கல்லூரியில் சேர்ந்தபோது, மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்தோம். ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வீட்டுக்கு வந்து திறந்தவள், "மாமா, இது யாருக்க வீட்டு ஞானஸ்நானம்?" என்று கேட்டாள். யாரோ ஒரு குடும்பத்தின் படங்கள் வரிசையாக இருந்தன. பிரவுசரைத் திறந்தால் அவர்களுடைய மெயிலும் அப்படியே திறக்கிறது. பேங்க் பாஸ்புக்கை ஸ்கேன் செய்த படமும் கிடந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மெயிலை லாக் அவுட் செய்தேன், கடைக்காரரிடம் போனில் சொன்னேன், அன்று இரவே முழுவதையும் துடைத்தேன்.

கடையில் போட்டுக் கொடுக்கும் விண்டோஸ் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஆளின் விவரம் உங்களிடம் இருப்பது ஒரு ஆபத்து என்றால், விண்டோஸைத் திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்ய எதையாவது போட்டிருந்தால் அது அடுத்த ஆபத்து. அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அந்த மெஷினில்தான் பிள்ளைகள் ஸ்காலர்ஷிப்புக்கு ஆதாரும் பேங்க் நம்பரும் அடிக்கிறார்கள்.

எந்த ஓஎஸ் (இயங்குதளம்) போடுவது?

மெஷினின் வயதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிராசசர் பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் தலைமுறை. ஐ5-5300யு என்றால் ஐந்தாம் தலைமுறை, ஐ5-8250யு என்றால் எட்டு, ஐ5-10210யு என்றால் பத்து. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும் என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11 போடலாம். அந்த மெஷினில் முன்பு முறையான விண்டோஸ் இருந்திருந்தால் லைசென்ஸ் மதர்போர்டோடு பதிந்திருக்கும். அதே எடிஷனைத் திரும்பப் போட்டு நெட் கொடுத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

அதற்கு முந்தியதென்றால் விண்டோஸ் 10 வரைதான். அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. இப்படிப்பட்ட மெஷினுக்கு நான் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்தான் போடுகிறேன். 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ராம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு, 8 ஜிபி என்றால் சினமன் பதிப்பு. இனி வருவது மின்ட் போடும் முறை.

பென்டிரைவ் தயார் செய்வது

8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் முன்பே எடுத்து வையுங்கள். ஓடுகிற வேறொரு கம்ப்யூட்டரில் மின்ட்டின் சொந்தத் தளத்துக்குப் போய் ஐஎஸ்ஓ ஃபைலை (மின்ட் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்குங்கள். ஏறத்தாழ 3 ஜிபி வரும். அப்புறம் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பென்டிரைவையும் அந்த ஐஎஸ்ஓவையும் காட்டி ஸ்டார்ட் அழுத்துங்கள். எந்த மோடில் எழுதுவது என்று கேட்டால், அதுவே பரிந்துரைக்கும் ஐஎஸ்ஓ மோடையே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம்.

பென்டிரைவிலிருந்து கிளப்புவது

பென்டிரைவைச் செருகி, மெஷினை ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் இருக்கிற மெஷினில் ஷட் டவுனை விட ரீஸ்டார்ட்தான் இதற்குச் சரி. திரை கறுத்தவுடனே, எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பூட் மெனுவின் கீயை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். டெல், லெனோவோ என்றால் எஃப் 12. ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப் 9. ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப் 12தான், ஆனால் சிலவற்றில் பயாஸுக்குள் (மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) போய் முதலில் அதை இயக்கி வைக்க வேண்டும்.

பயாஸ் பாஸ்வேர்ட் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது பெரும்பாலும் மெஷினை முன்பு வைத்திருந்த கம்பெனி போட்ட பூட்டு. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவதுதான் வழி. இதனால்தான் வாங்குவதற்கு முன்பே பென்டிரைவைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்கிறேன்.

போடுவதற்கு முன் சோதிப்பது

மின்ட்டை டிஸ்கில் போடாமலே பென்டிரைவிலிருந்து முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். பணம் கொடுப்பதற்கு முன்பே, கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து ஒவ்வொரு எழுத்தையும் அடித்துப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, கேமரா தெரிகிறதா, இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறதா, எல்லா யுஎஸ்பி துளையும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு டிஸ்க்ஸ் என்ற செயலியில், டிஸ்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தைத் திறங்கள். ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்கள்) என்ற வரியில் எண் ஏறியிருந்தால் அந்த ஹார்ட் டிஸ்கை நம்ப வேண்டாம். பணம் இருந்தால், ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மாற்றிவிட்டுத் தொடருங்கள். பழைய மெஷினுக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது.

குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் இருந்த மெஷின் என்றால் உப்புக்காற்றையும் கணக்கில் எடுங்கள். ஒருமுறை ஒரு லேப்டாப் ஆன் ஆகிறது, திரை மட்டும் கறுப்பு. கழற்றிப் பார்த்தால் ராமின் தங்க நிறப் பற்களின்மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் தட்டிச் செருகினேன், ஓடிவிட்டது. கழற்றுவதற்கு முன் சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, தேதி. அணைத்து ஆன் செய்யும்போதெல்லாம் பழைய வருஷத்துக்குப் போனால் உள்ளே இருக்கும் காசு மாதிரியான சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று தடுக்கும். டெஸ்க்டாப் என்றால் சிஆர் 2032 வாங்கி நீங்களே மாற்றலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் ஒயரோடு வரும்.

துடைப்பதும் போடுவதும்

இன்ஸ்டாலரில் இருக்கும் 'எரேஸ் டிஸ்க்' பழைய ஃபைல்களை நம் கண்ணிலிருந்து மறைக்கும், அவ்வளவுதான். மீட்டெடுக்கும் மென்பொருள் வைத்திருப்பவர் ஹார்ட் டிஸ்கிலிருந்து அவற்றை எடுத்துவிட முடியும். அந்த ஞானஸ்நானப் படங்கள் மனதில் இருந்ததால், முதலில் டிஸ்க்ஸ் செயலியில் 'ஃபார்மேட் டிஸ்க்' எடுத்து, முழுவதும் பூஜ்யத்தால் எழுதும் மெதுவான முறையைக் கொடுத்தேன். 500 ஜிபிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஹார்ட் டிஸ்க் என்றால் நீங்களும் இதைச் செய்யுங்கள்.

இனி திரையில் இருக்கும் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' ஐகானை இரண்டு முறை தட்டுங்கள். மொழிக்கு ஆங்கிலத்தையே வைத்தால், ஏதாவது பிழை வரும்போது நெட்டில் தேட எளிது. பாட்டும் வீடியோவும் ஓட, மல்டிமீடியா கோடெக் பெட்டியை டிக் செய்யுங்கள். அடுத்த பக்கத்தில் 'எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால்'. இங்கே மட்டும் ஒரு நிமிடம் நின்று, உங்கள் எக்ஸ்டர்னல் டிஸ்க் எதுவும் செருகியிருக்கிறதா என்று பார்த்துக் கழற்றிவிடுங்கள். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா மோடு ரெய்டு என்றோ ஆர்எஸ்டி என்றோ இருக்கும், அதை ஏஹெச்சிஐ என்று மாற்றுங்கள். நேர மண்டலம் கொல்கத்தா, பிறகு பெயர், பாஸ்வேர்ட். எஸ்எஸ்டி என்றால் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. பழைய லேப்டாப்பின் பேட்டரியோ சார்ஜரை உருவினால் அணைந்துவிடும். இடி முழங்கும் நேரத்தில் தொடங்காதீர்கள். நடுவில் கரண்ட் போனாலும் பயப்பட வேண்டாம், பென்டிரைவ் அப்படியே இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். பயாஸ் அப்டேட் மட்டும் பாதியில் நிற்கக் கூடாது.

போட்ட பிறகு

அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். வைஃபை பிடிக்கவில்லை என்றால் போனை யுஎஸ்பி ஒயரில் இணைத்து டெதரிங் கொடுத்து, டிரைவர் மேனேஜரில் தேடுங்கள். பிராட்காம் வைஃபை உள்ள மெஷின்களில் இது அடிக்கடி வரும். பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் இப்போதைய நிலைக்குத் திரும்ப, டைம்ஷிஃப்ட் செயலியில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள்.

தமிழ் டைப் செய்ய, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் போட்டு, லாக் அவுட் செய்து வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேருங்கள். தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. ஒலிப்படி அடிப்பவர்களுக்கு ஃபொனெடிக்கும் இருக்கிறது. மருமகளுக்குத் தமிழ்99 பழக ஒரு வாரம்தான் ஆனது.

பென்டிரைவை அழித்துவிடாமல், மேலே ஒரு துண்டு டேப் ஒட்டி 'மின்ட் 22' என்று எழுதி வையுங்கள். என்னுடையது இப்போது கருங்கலில் ஒரு கூட்டாளி வீட்டில் இருக்கிறது, அதற்கு முன் திங்கள்சந்தையில் இருந்தது.