பழைய பாக்ஸ்டர் வாங்குமுன் கணக்குப் போடுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விலையைத்தான். இந்த விஷயத்தில் விலைதான் சின்னத் தொகை. 1996-லிருந்து 2004 வரை வந்த போர்ஷே பாக்ஸ்டர், அதாவது 986 மாடல், இன்று ஷோரூமில் நிற்கும் புது ஹாட்ச்பேக்கின் விலைக்கே கிடைக்கலாம். ஆனால் வண்டியின் விலை இறங்கிய அளவுக்கு அதன் வாட்டர் பம்ப், கிளட்ச், ரேடியேட்டர் விலை இறங்கவில்லை. சாமான் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவதால், இங்கே தென்னாப்பிரிக்காவில் ராண்ட் விழும்போதெல்லாம் அதன் விலை ஏறும். அதனால் கையிலிருக்கும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் வண்டி தேடுங்கள். மீதியை வேறு கணக்கில் போட்டு, வண்டி வந்த பிறகும் தொடாமல் வைத்திருங்கள். நான் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் கணக்கு எழுதுகிறவள். இப்படிப் பிரித்து வைத்ததால்தான் என்னால் இந்த வண்டியை நிம்மதியாக ஓட்ட முடிகிறது.

பாக்ஸ்டரையே ஏன் சொல்கிறேன்? நம் நாட்டில் ரோஸ்லின் தொழிற்சாலையில் செய்த பிஎம்டபிள்யூ 325ஐஎஸ் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் சேகரிப்பவர்கள் கைக்குப் போய்விட்டதால் அது இனி நம் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பிஎம்டபிள்யூவின் ஈ46 எம்3-யில் பின் சப்ஃப்ரேம், அதாவது சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம், பொருந்தும் தரைத்தகடு விரிசல் விடும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை. பாக்ஸ்டரின் நோய்கள் எல்லாருக்கும் தெரிந்தவை, மருந்தும் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிலிருந்து வந்து டர்பன் துறைமுகத்தில் இறங்கும் பழைய வண்டிகளைப் பார்த்து மனம் மயங்க வேண்டாம். அவை பக்கத்து நாடுகளுக்குப் போகிறவை. விசேஷ பெர்மிட் இல்லாமல் அவற்றை இங்கே பதிவு செய்ய முடியாது. "பேப்பர் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

எந்த ஊர் வண்டி என்பது முக்கியம். நம் கரையோரத்தில் உப்புக் காற்று. 986-இன் பாடி துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் சைலன்சர் போல்ட்டுகள், சஸ்பென்ஷன் போல்ட்டுகள், பிரேக் குழாய்கள், முன் பம்பருக்குள் இருக்கும் ஏசி கண்டென்சர் எல்லாம் அரித்துப்போகும். ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கத்து வண்டியில் துரு குறைவு. அங்கே வெயிலும் ஆலங்கட்டி மழையும்தான் எதிரி, எனவே முன் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னக் குழிகள் கைக்குத் தெரியும். ஜோபர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்தக் காற்று போதாது, ஆறில் ஒரு பங்கு சக்தி போய்விடும். அங்கே ஓட்டிப் பார்க்கும்போது சோர்வாகத் தெரிந்தாலும், டர்பன் வந்து சேர்ந்ததும் தன் பலத்தைக் காட்டும்.

பேப்பர் விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். பதிவுச் சான்றிதழில் உடைமையாளர் பெயரும் உரிமைப் பத்திரதாரர் பெயரும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவது இடத்தில் ஒரு வங்கியின் பெயர் இருந்தால் கடன் தீரவில்லை என்று அர்த்தம். அடுத்து வண்டி எந்த வகை என்று சொல்லும் கோட் பாருங்கள். கோட் 2 என்றால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் அடிபட்டு மறுபடி கட்டியது, காப்பீடு எடுக்கும்போதும் விற்கும்போதும் தொல்லை. டர்பன் பக்கம் வந்த 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நான் சீட்டின் அடியையும் விடாமல் பார்க்கிறேன். சீட் தண்டவாளத்தில் துருவும் கார்ப்பெட் அடியில் காய்ந்த சேறும் இருந்தால் வேண்டாம். தனியாரிடம் வாங்கினால் பெரும்பாலும் 'வூட்ஸ்டூட்ஸ்', இருக்கிறபடியே எடுத்துக்கொள்வது. குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால்தான் விற்றவரைப் பிடிக்கலாம். டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆறு மாத உத்தரவாதம் உண்டு. அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்னும் ரோட்வொர்த்தி சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். பெயர் மாற்றத்துக்கு 21 நாள்தான் தவணை.

இனி வண்டியைப் பார்க்கும் நாள். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சின் பக்கம் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இந்த வண்டிகளையே பார்த்துப் பழகிய மெக்கானிக் அண்ணன் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை இது. "தங்கச்சி, முதல்ல பின் டிக்கியைத் திற. சத்தம் அப்புறம் கேட்கலாம்," என்பார். கூலண்ட் தொட்டி அங்கேதான் இருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக் வயதாகி விரிசல் விடும். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்தால் இனிப்பு வாடை வரும், தொட்டால் பிசுபிசுக்கும். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பின்னால் நில்லுங்கள். சிலிண்டர்கள் படுத்திருப்பதால் எண்ணெய் தேங்கி முதலில் ஒரு கொத்துப் புகை வருவது சகஜம். வெள்ளைப் புகை தெருவையே மறைத்து, நிற்காமல் வந்தால் எஞ்சின் காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் ஏர்-ஆயில் செபரேட்டர் போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு, 17 அங்குலச் சக்கரத்தில் முன்னே 205, பின்னே 255. அதனால் முன்னதைப் பின்னால் மாற்றிப்போட்டு நாள் கடத்த முடியாது.

எல்லாரும் பயப்படுவது ஐஎம்எஸ் பேரிங்குக்கு. எஞ்சினுக்குள் இருக்கும் நடுத்தண்டின் (இன்டர்மீடியட் ஷாஃப்ட்) ஒரு முனையைத் தாங்கும் மூடிய பேரிங் அது. உள்ளே இருக்கும் கிரீஸ் கழுவிப்போனால் தேயும். உடைந்தால் டைமிங் தப்பி எஞ்சினே போய்விடும். எல்லா வண்டியிலும் நடப்பதில்லை, ஆனால் நடந்தால் வண்டியின் விலையே அதில் போகும். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸைக் கழற்றும்போதுதான் அந்த இடம் கைக்கு எட்டும். எனவே கிளட்ச், பேரிங், பின் எண்ணெய் சீல் மூன்றையும் ஒரே கூலியில் முடித்துவிடுங்கள். ஏற்கெனவே மாற்றியதாகச் சொன்னால் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லாத வாய்ப்பேச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுப்பு தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். எண்ணெயும் இதற்கு எட்டு லிட்டருக்கு மேல் வேண்டும்.

காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். இங்கே பெட்ரோலோடு நாம் கட்டும் சாலை விபத்து நிதி உடம்புக் காயத்துக்குத்தான் பணம் தரும், வண்டிச் சேதத்துக்குத் தராது. எதிரே வந்து இடித்தவருக்குக் காப்பீடு இல்லையென்றால் செலவு உங்கள் தலையில்தான். ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் காப்பீடு கிடைக்குமா என்று கேளுங்கள். நன்றாகப் பராமரித்த பழைய வண்டிக்குச் சந்தை மதிப்பு நியாயம் செய்யாது. திருட்டுப்போனால் வண்டி எங்கே என்று காட்டும் டிராக்கர் கேட்பார்கள், பொருத்திவிடுங்கள்.

எங்கள் வடகரைக்காரர்களுக்கென்று ஒரு வேலை உண்டு. கரும்பு வெட்டும் காலத்தில் வயலுக்குத் தீ வைத்தால் கரி இழைகள் துணிக்கூரை மேல் வந்து படியும். கையால் துடைத்தால் துணிக்குள் ஏறிக் கறையாகிவிடும். மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு தண்ணீர் விட வேண்டும். அந்தக் கரியும் இலையும் சேர்ந்து கூரைக்குக் கீழே இரு பக்கமும் உள்ள வடிகால் துளைகளை அடைக்கும். கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, புல் வெட்டும் மெஷினின் நைலான் நூலை மெதுவாக உள்ளே விட்டு எடுங்கள். கம்பி வேண்டாம், குழாய் கழன்றுவிடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் ஒழுக வேண்டும். ஒழுகாவிட்டால் அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கி, சீட்டுக்கு அடியிலிருக்கும் சாவி அறியும் பெட்டியில் போய் நிற்கும். அது நனைந்தால் வண்டி சாவியை அறியாது, நகராது. கால் மணி நேர வேலையால் தப்பிக்கக்கூடிய பெரிய செலவு இது. முன் பம்பரைக் கழற்றி ரேடியேட்டர் முன்னால் சேர்ந்த இலைகளை வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் கைம்மாறு என்னவென்றால், ஞாயிறு விடியற்காலை டர்பனுக்கு மேற்கே ஹில்கிரெஸ்ட் தாண்டி பழைய மெயின் ரோட்டில் போத்தாஸ் ஹில் பக்கம் போய்ப் பாருங்கள். வலது பக்கம் ஆயிரம் மலைகளின் பள்ளத்தாக்கு பனியோடு விரியும். எஞ்சின் முதுகுக்குப் பின்னால், இரண்டு சக்கர வரிசைக்கும் நடுவில் இருப்பதால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே மூக்கு திரும்பும். வளைவில் வண்டி எதையும் சமாளித்துப் போவதாகத் தோன்றாது, நம்மோடு சேர்ந்து போகும். மூன்றாம் கியரில் முள் நாலாயிரத்தைத் தாண்டும்போது அந்த ஆறு சிலிண்டர் குரல் மாறும். அதைக் கேட்க வேகக் கட்டுப்பாட்டை மீற வேண்டியதில்லை. எனக்கு வாரம் முழுதும் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிய தலை டிரம்மண்ட் வருவதற்குள் தெளிந்துவிடும்.

குளிர்காலமென்றால் மேலே போனதும் அவசரப்பட்டுக் கூரையைத் திறக்காதீர்கள். 2002 வரை வந்த வண்டிகளில் பின் ஜன்னல் பிளாஸ்டிக், குளிரில் மடித்தால் வெடிக்கும். வெயில் ஏறும்வரை பொறுத்து, பாதியில் நிறுத்தி, கையால் மடிப்பை நேராக்கிவிட்டு மீதியை இறக்குங்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே காம்ரேட்ஸ் ஓட்டப் பந்தயம் நடக்கும் நாளில், பெரும்பாலும் ஜூன் மாதம், அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். அன்று எங்கள் பக்கம், கடற்கரை ஊரான பாலிட்டோவுக்கு வாருங்கள்.