இடுப்பை விட்டு இறங்காத ஒரு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவது எப்படி?

போன மாதம் வரை யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே தாவிய குழந்தை, இப்போது நீங்கள் அடுப்படிக்குப் போனால்கூட நைட்டியைப் பிடித்துக்கொண்டு அலறுகிறதா? தர்மபுரிப் பக்கம் இதற்கு முதலில் வரும் யோசனை, "எதையோ பார்த்துப் பயந்துகிச்சு, மந்திரிச்சுட்டு வாங்க" என்பதுதான். மந்திரித்துக் கயிறு கட்டுங்கள், அதில் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. ஆனால் விஷயம் வேறு. எட்டு மாதம் வாக்கில், கண்ணில் படாத ஆளும் எங்கேயோ இருக்கிறார் என்பது குழந்தைக்குப் புரியத் தொடங்குகிறது. அம்மா எங்கேயோ இருக்கிறாள் என்று தெரியும், எப்போது வருவாள் என்று தெரியாது, அந்தத் தவிப்புதான் அழுகையாக வருகிறது. பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை இது உச்சத்தில் இருக்கும், அப்புறம் மெல்ல மெல்ல அடங்கி, பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று வயதுக்குள் சரியாகிவிடும்.

சிக்கல் என்னவென்றால், தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் பேறுகால விடுப்பு 12 மாதம், ஆக ஒரு டீச்சரம்மா திரும்பப் பள்ளிக்கூடம் போக வேண்டிய நாளும் குழந்தை உடும்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும் நாளும் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஓசூரில் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குச் சட்டப்படி 26 வாரம்தான், அவர்கள் பாடு இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. அங்கன்வாடியில் உட்கார வைக்க இரண்டு வயதாவது ஆக வேண்டும். மிச்சம் இருப்பது ஆயாதான், அதாவது குழந்தையின் பாட்டி, இல்லை நம்பிக்கையான பக்கத்து வீட்டு அக்கா.

இதில் எல்லோரும் கடைப்பிடிக்கிற, எனக்குத் துளியும் பிடிக்காத முறை ஒன்று உண்டு. "நான் கன்னுக்குட்டி காட்டுறேன்னு கொல்லைக்குத் தூக்கிட்டுப் போறேன், நீ அதுக்குள்ள கிளம்பிடு" என்பார் ஆயா. அந்த ஐந்து நிமிடம் அழுகை மிச்சம், உண்மைதான். ஆனால் திரும்பி வந்து வீடெல்லாம் தேடிப் பார்த்த குழந்தை அடுத்த நாள் உங்களைக் குளிக்கக்கூட விடாது, ஏனென்றால் கண் அசந்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்பதை நீங்களே கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். கொஞ்ச நாளில் கன்னுக்குட்டி என்றாலே அழ ஆரம்பித்துவிடும். அதனால் சொல்லிவிட்டே போங்கள். பையைத் தோளில் மாட்டுவதற்கு முன்பே குழந்தை ஆயா கைக்குப் போயிருக்க வேண்டும். ஒரு முத்தம், தினமும் ஒரே வாக்கியம்: "அம்மா ஸ்கூலுக்குப் போய்ட்டு, நீ சாயந்திரம் பால் குடிக்கறதுக்குள்ள வந்துடுவேன்." ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அழும், அழட்டும். வாசலைத் தாண்டிய பிறகு திரும்ப வந்து தூக்காதீர்கள், டிபன் பாக்ஸை மறந்திருந்தால் தெருமுனையில் நின்று போன் போட்டு யாரையாவது எடுத்து வரச் சொல்லுங்கள். மாமியாரிடம் இதை முதல் நாளே பேசி வைத்துவிடுவது நல்லது, "அத்தை, அவன் அழுதாலும் பரவாயில்ல, நான் சொல்லிட்டே கிளம்பறேன்" என்று தன்மையாகச் சொன்னால் போதும்.

விடுப்பு முடியும் நாளில் இதையெல்லாம் தொடங்கினால் கஷ்டம், இரண்டு மூன்று வாரம் முன்பே ஆரம்பியுங்கள். முதலில் பத்து நிமிடம் மளிகைக் கடை, பிறகு அரை மணி நேரம், பிறகு அரை நாள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வர வேண்டும். முகத்தில் துண்டைப் போட்டு "அம்மா காணோம், காணோம்... இதோ!" என்று விளையாடுவதும் இதே பாடத்தின் குட்டி வடிவம்தான், சலிக்காமல் விளையாடுங்கள். பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று அழுதால் உள்ளேயிருந்து பேசிக்கொண்டே இருங்கள், குரல் கேட்டால் பாதி அடங்கும். பகலில் தூங்க வைக்க, நீங்கள் முந்தின நாள் உடுத்திய புடவையைத் துவைக்காமல் தூளிக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள், அந்த வாசனை போதும்.

அந்த வாரத்திலேயே வேறு எதையும் மாற்ற வேண்டாம். குறிப்பாக, வேலைக்குப் போகப் போகிறோமே என்று மார்பில் வேப்பிலை அரைத்துத் தடவிப் பாலை மறக்கடிப்பார்கள். தேவையே இல்லை. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிளம்பும் முன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை கொடுத்தால் குழந்தைக்கும் நிம்மதி, உங்களுக்கும் மார்பு கட்டாது.

இன்னொன்று, மொட்டை. ஒரு வயதில் தீர்த்தமலைக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ போய் மொட்டை போட்டுக் காது குத்துவோம், அன்றைக்குத்தான் பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய மாமன் மடியில் உட்கார வைப்போம். குழந்தைக்கு அவர் யாரோ ஒரு மீசைக்காரர். கத்தி ஒரு பக்கம், புது மடி ஒரு பக்கம், சுற்றி நாற்பது பேர் "அழாதடா" என்று கத்தினால் யார்தான் அழமாட்டார்கள்? மாமனை முந்தின நாளே வரவழைத்து, உடனே தூக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து விளையாடச் சொல்லுங்கள், குழந்தையாக அவரிடம் போகட்டும். மொட்டை போடும்போது நீங்கள் முழங்கால் இடிக்கிற தூரத்தில் எதிரிலேயே உட்காருங்கள். "அழுதா விட்டுட்டுப் போயிடுவேன்" என்று விளையாட்டுக்குக்கூட யாரையும் சொல்ல விடாதீர்கள்.

பகலில் வீடியோ கால் வேண்டாம், முகத்தைப் பார்த்ததும் அடங்கின அழுகை மறுபடி கிளம்பும். ஆயாவுக்கு மட்டும் போன் போடுங்கள், பெரும்பாலும் "நீ போன கொஞ்ச நேரத்துல நிறுத்திட்டான்" என்பதுதான் பதிலாக இருக்கும். சாயந்திரம் வந்ததும் கை கால் கழுவிவிட்டு நேராக அவனிடம் உட்காருங்கள், பாத்திரம் காத்திருக்கட்டும். ஞாயிறு முழுக்கக் கூடவே இருந்த பிறகு திங்கட்கிழமையும், காய்ச்சல் வந்து போன பிறகும், பழைய அழுகை திரும்ப வரும். அதே ஒரு நிமிட வழியனுப்பலையே தொடருங்கள்.

நாள் முழுக்க அழுது பாலும் சோறும் தொடவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேசிக்கொண்டிருந்த மழலை நின்றுவிட்டது என்றால் தள்ளிப் போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குழந்தைகள் மருத்துவரிடமோ காட்டுங்கள். எல்லோரிடமும் ஓரளவு பழகுகிற குழந்தை குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் மட்டும் நடுங்கினால், அவர் சொந்தமோ பந்தமோ, அவரிடம் தனியாக விட வேண்டாம்.